மேட்டில் நிறுத்திப் பார்த்தால் கணக்குத் தவறும்: எஞ்சினில் எண்ணெய் கூடிவிட்டால் என்ன செய்வது?

பிரிஞ்சாங் வட்டாரத்தில் சமமான தரை கிடைப்பது அரிது. வீட்டு வாசல், தேயிலைத் தோட்டக் குடியிருப்பு, காய்கறிப் பண்ணைக்குப் போகும் மண் பாதை என எங்கு நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு மேலேயோ கீழேயோ சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்விலேயே பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்து, குறைகிறது என்று ஊற்றிவிடுவது இங்கு எளிதில் நேரக்கூடிய தவறு.

நம்மவர் பலர் 'மினியாக் ஹித்தாம்' என்று சொல்லும் எஞ்சின் எண்ணெய், எஞ்சினின் அடித்தட்டில் தேங்கி நிற்கிறது. தட்டைச் சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்குவது போல, வண்டி சாய்ந்தால் எண்ணெயும் ஒதுங்கும். டிப்ஸ்டிக் தொடுவதோ ஓர் இடத்தை மட்டும்தான். முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் அது எஞ்சினின் முன்பக்கம் இருக்கும். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் எண்ணெய் பின்னால் ஓடிவிடும், குச்சி குறைவாகக் காட்டும். உரிமையாளர் அரை லிட்டர் ஊற்றுவார். அடுத்த வாரமும் அதே இடத்தில் பார்த்து இன்னும் கொஞ்சம். தாப்பாவுக்கு இறங்கிய நாளில் சமதரையில் பார்த்தால் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். பழைய லேண்ட் ரோவரிலும் ஹைலக்சிலும் எஞ்சின் நீளவாக்கில் இருப்பதால், பக்கவாட்டுச் சாய்வும் கணக்கைக் கெடுக்கும்.

இன்னொரு காரணம் கடையில் விற்கும் கலன். 1.0 லிட்டர் எஞ்சின் கொண்ட சிறிய பெரோடுவா கார்கள், வடிகட்டியை மாற்றும்போதும் ஏறத்தாழ 3 லிட்டர்தான் கொள்ளும். வாங்கி வருவதோ 4 லிட்டர் கலன். மீதத்தை ஏன் வைப்பது என்று முழுவதையும் ஊற்றுபவர்கள் உண்டு.

கூடினால் என்ன, எண்ணெய்தானே என்று தோன்றலாம். எஞ்சினுக்குள் கிராங்க்‌ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. அளவு சரியாக இருந்தால் அது எண்ணெய் மட்டத்துக்கு மேலே சுழலும். அளவு கூடினால் அதன் கனத்த பகுதிகள் எண்ணெயில் மோதி அதைக் கடைந்துவிடும். தே தாரிக் ஆற்றும்போது நுரை எழுவது எப்படியோ அப்படித்தான். தேநீருக்கு நுரை அழகு. எஞ்சினுக்கு அது ஆபத்து. எண்ணெய்ப் பம்பு நுரையை உறிஞ்சினால் காற்றும் சேர்ந்து போகும், அழுத்தம் குறையும், உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். நிறைய எண்ணெய் இருந்தும் எண்ணெய் இல்லாத எஞ்சின் போல அது தேயும்.

கூடுதல் எண்ணெய், காற்றுப்போக்குக் குழாய் வழியாக எரியறைக்கும் போகலாம். அப்போது நீலப் புகை வரும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், காலப்போக்கில் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியும் கெடும். பிரிஞ்சாங்கில் காலைக் குளிரில் எல்லா வண்டியிலும் வெள்ளை ஆவி வரும். அது கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பயமில்லை. நீல நிறமும் எண்ணெய் கருகும் வாடையும் சேர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டீசல் வண்டியில் இது இன்னும் மோசமாகலாம். டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்த பிறகும் தானாக உறுமி ஓடக்கூடும். அரிதுதான், ஆனால் நடந்தால் நொடிகள்தான் கிடைக்கும். கையால் கியர் மாற்றும் வண்டியானால் பிரேக்கை முழுமையாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அடைக்கலாம். காற்று நுழையும் குழாயைக் கையால் பொத்தப் போகக் கூடாது.

சரி, கூடிவிட்டது என்று சந்தேகம். முதலில் சரியாக அளக்க வேண்டும். பெட்ரோல் நிலையத் தளம் போன்ற சமமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடமாவது பொறுத்து, குச்சியைத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்கலாம். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ளது சுமார் ஒரு லிட்டர். மேல் கோட்டை ஓரிரு மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் பதறத் தேவையில்லை. அரை லிட்டர் அளவுக்குத் தாண்டினால் எடுத்துவிடுவதே நல்லது. ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டது நிச்சயமாகத் தெரிந்தால், அளந்து பார்க்கக்கூட எஞ்சினை முடுக்க வேண்டாம். பட்டறைக்காரரை வண்டி இருக்கும் இடத்துக்கு அழைக்கலாம்.

எடுப்பதற்கு எளிய வழி, டிப்ஸ்டிக் நுழையும் துளை வழியே மெல்லிய குழாயை விட்டுக் கைப்பம்பால் உறிஞ்சுவது. கொஞ்சம் எடுத்து, அளந்து, மீண்டும் கொஞ்சம். கீழே உள்ள வடிகால் ஆணியைத் தளர்த்துவதும் வழிதான், ஆனால் அதற்கு வண்டிக்கு அடியில் போக வேண்டும். சாய்ந்த தரையில் ஜாக் வைத்துத் தூக்கி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. கல்லை முட்டுக்கொடுத்தாலும் சரிவில் வண்டி நகரும். சூடான எண்ணெய் கையைச் சுடும் என்பது தனி. அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

யாரும் ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் கதை வேறு. எரிபொருளோ குளிர்விப்பு நீரோ எண்ணெயில் கலந்திருக்கலாம். டீசல் வாடை அடித்தாலோ எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருந்தாலோ, மட்டத்தைக் குறைத்துவிட்டு ஓட்டினால் சிக்கல் உள்ளேயே இருக்கும். எண்ணெய் மூடியின் உட்புறம் மட்டும் வெண்மையாகப் படிந்திருந்தால், அது குளிரில் குறுகிய தூரம் ஓடியதால் வந்த ஈரமாகவும் இருக்கலாம்.

எடுத்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் தனிக் குறியீட்டோடு இடம்பெற்றுள்ளது. பிரிஞ்சாங்கில் கால்வாயில் விழுவது பெர்த்தாம் ஆற்றில் சேர்ந்து, தானா ராத்தாவைக் கடந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குப் போகும். மூடியுள்ள பழைய கலனில் ஊற்றி, அடுத்த முறை எண்ணெய் மாற்றப் போகும்போது பட்டறையில் கொடுத்துவிடலாம்.