விரலுக்கு எட்டாத கட்டி

1955 ஜூலையில் கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதைக் கட்டிகள்மீது வைத்துப் பார்த்தபோது நீர்க்கட்டி ஒருவிதமாகவும் சதைக்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. 1958இல் அவர் குழுவின் கட்டுரை லான்செட் இதழில் வந்தது. வயிற்றுப் பிள்ளையைக் காட்டும் ஸ்கேனுக்கு முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தவற்றில் ஃபைப்ராய்டு எனும் இந்தக் கர்ப்பப்பைச் சதைக்கட்டியும் ஒன்று.

அதுவரை டாக்டரின் கைதான் எல்லாம். வயிற்றை அழுத்திப் பார்த்து, ‘பன்னிரண்டு வார அளவு’ என்று கர்ப்பக் கணக்கில் எழுதுவார்கள் (அந்தக் கணக்கு இன்னும் கேஸ் ஷீட்டை விட்டுப் போகவில்லை). கைக்குத் தட்டுப்படாத கட்டி, இல்லாத கட்டிதான். ஆனால் கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்தி நிற்கும் நெல்லிக்காய் அளவுக் கட்டி மாதாமாதம் ரத்தத்தைக் கொட்ட வைக்கும்; வெளிப்புறம் வளர்ந்த பெரிய கட்டி பேசாமல் கிடக்கும். கட்டி சிக்காத பெண் இரும்புச்சத்து டானிக்கோடு வீடு திரும்புவாள். சிக்கியவளுக்குப் பெரும்பாலும் கர்ப்பப்பையே போய்விடும். லண்டன் அறுவை நிபுணர் விக்டர் பானியின் மனைவிக்கும் இளவயதில் அப்படித்தான் போயிற்று. பிற்பாடு அவர் கர்ப்பப்பையை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுப்பதற்காகவே வாதாடினார். ரத்தப்போக்கை அடக்க ஒரு கவ்வியையும் வடிவமைத்தார்.

இன்று கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து 0 முதல் 8 வரை வகை பிரிக்கிறார்கள். உள்ளறைக் கட்டியை வயிற்றைக் கீறாமல் பிறப்புறுப்பு வழியே குழாய் விட்டுச் சுரண்டி எடுக்கலாம். மாத்திரையும் காப்பர்-டி போல உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனமும் பலருக்குப் போதும். கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை அடைக்கும் சிகிச்சை வந்த கதை சுவையானது. அறுவையில் ரத்தம் அதிகம் போகக்கூடாதென்று பாரிஸில் ழாக் ரவினா குழுவினர் முன்கூட்டியே தமனியை அடைத்தார்கள். தொந்தரவு நின்றுபோகவே, பல பெண்கள் அறுவையே வேண்டாம் என்றுவிட்டார்கள். 1995இல் அதுவே தனிச் சிகிச்சையாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் இத்தனையும் இருந்தும், ‘பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கும்மா, எடுத்துடலாம்’ என்ற பேச்சு ஓயவில்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையின்றிக் கர்ப்பப்பை அகற்றியது பற்றிய வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்கேனுக்கும் இதில் பங்குண்டு. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத கட்டியையும் அது சென்டிமீட்டர் கணக்கோடு காட்டிவிடுகிறது. கட்டி என்றதும் புற்றுநோய்ப் பயம். ஃபைப்ராய்டு புற்றுநோயல்ல, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். ஆனால், ‘ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்’ என்கிற டாக்டரை நாமும் அவ்வளவாக நம்புவதில்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விடுகிறோம்.