ஒன்பது ஆபீசர் கையெழுத்து!

'சைவமா? அப்ப உடம்பு ஏறாது தம்பி...' என்று ஜிம் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கிய நாளில்தான் என் பர்ஸுக்குச் சனி பிடித்தது. எடை 54 கிலோ. பைசெப்ஸ் என்று ஒன்று எனக்கு இருப்பதே மாஸ்டர் தொட்டுக் காட்டித்தான் தெரியும்.

மூவாயிரம் ரூபாய் கொடுத்து புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கினேன். ஊருக்கு அம்மாவுக்கு அனுப்புகிற பணத்தில் கை வைத்துத்தான்! "இந்த மாசம் கொஞ்சம் டைட்டும்மா" என்றேன். "பரவால்லடா" என்றாள்.

டப்பா பாதி காலியான சமயம், ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருக்கும் நண்பனின் அக்காவிடம் மாட்டிக்கொண்டேன். "உன் ஆபீஸ் பாஷையிலேயே சொல்றேன், கேளு" என்று ஆரம்பித்தார்.

உடம்புக்குப் புரதம் கட்ட இருபது அமினோ அமிலங்கள் வேண்டும். பதினொன்றை உடம்பே தயாரித்துக்கொள்ளும். மீதி ஒன்பது சாப்பாட்டில்தான் வரணும். ஒன்பது ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டிய ஃபைல் மாதிரி. ஒருத்தர் லீவு என்றாலும் ஃபைல் நகராது! அரிசியில் அந்த லீவுப் பேர்வழி லைசின். அடியோடு மட்டம் இல்லை, அரை நாள் தலைகாட்டுவார். பருப்பிலோ லைசின் தாராளம். அங்கே இழுப்பவர் மெத்தியோனின். அவர் அரிசியில் ஆஜர்! ஆக இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் எல்லாமே ஒன்பது கையெழுத்தும் விழுந்த ஃபைல்கள்தான். பாலும் சோயாவும் தனியாகவே பாஸ்.

"ரெண்டையும் ஒரே வேளையில சாப்பிடணுமாக்கா?"

"வேண்டாம். நாள் முழுக்கச் சேர்ந்தா சரி." 1971-ல் 'ஒரே வேளையில் சேர்க்கணும்' என்று புத்தகம் எழுதிய அமெரிக்கப் பெண்மணி பிரான்சிஸ் மூர் லாப்பே, 1981 பதிப்பில் அதை வாபஸ் வாங்கிவிட்டாராம். (நம் மேனேஜர்கள் கவனிக்க!)

2020-ல் ஐ.சி.எம்.ஆர். சொன்ன கணக்கு, கிலோவுக்கு 0.83 கிராம். எனக்கு 45 கிராம். ஜிம் போவதால் கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்றார் அக்கா. முந்நூறு கிராம் அரிசியில் சுமார் 20, ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11, ஒரு கை கடலைச் சுண்டலில் 10, மூன்று டம்ளர் பால், தயிரில் 15. டப்பா எதற்கு? கோளாறு என் மெஸ் சாம்பாரில்! அதில் பருப்பைத் தேட டார்ச் லைட் வேணும் சார்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். "எனக்கென்னடா, ரெண்டு வேளை ரசஞ்சாதம், ரெண்டு காப்பி. பருப்பு விக்கிற விலையில..."

சட்டென்று கணக்குப் போட்டேன். அம்மா 48 கிலோ. 40 கிராம் வேண்டும். வந்தது 20!

அடுத்த டப்பாவுக்கு வைத்திருந்த பணத்தில் பருப்பும் கொண்டைக்கடலையும் மூட்டையாகக் கட்டி ஊருக்குக் கொண்டுபோய் இறக்கினேன். "இதையெல்லாம் யாருடா திங்கிறது?" என்றாள். இப்போது தினம் ராத்திரி போன் செய்து, எத்தனை கரண்டி பருப்பு என்று கேட்கிறேன்.

"கணக்குப்பிள்ளை மாதிரி கேக்காதே. ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டேன், போனை வை!"