கூட்டத்தின் நடுவே தனிமை

சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், நம்மை முதலில் வரவேற்பது அநேகமாகச் சுவரில் தொங்கும் காலண்டர்ப் படமாகத்தான் இருக்கும். சிவகாசியில் அச்சான முருகனோ லக்ஷ்மியோ அதில் காட்சி அளிப்பார்கள். அந்தப் படங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்த மூலையில் நின்றாலும் தெய்வம் நம்மையே பார்ப்பது போலிருக்கும். கோவில்பட்டியில் வாழ்ந்து, இத்தகைய படங்களைத் தீட்டிப் பெரும் புகழ் பெற்ற கொண்டையராஜு (1898–1976) அந்தப் பார்வையின் சக்தியை நன்கு அறிந்தவர். வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும், நம்மைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் ஒரு காலண்டரில் கிடைத்துவிடுகிறது அல்லவா?

இதற்கு நேர்மாறான சித்திரங்களும் உலகில் உண்டு. அவற்றில் ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் (1882–1967) தீட்டிய ‘நைட்ஹாக்ஸ்’, அதாவது ‘இராப் பறவைகள்’, அவற்றுள் மிகப் பிரசித்தமானது. அது 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பேர்ல் துறைமுகத்தின் மீது குண்டு விழுந்த சில வாரங்களுக்குள் முடிவு பெற்றது. இப்போது சிகாகோ நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நள்ளிரவு, ஆளரவமற்ற தெரு. மூலையில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சிற்றுண்டிச் சாலை. உள்ளே கண்ணைக் கூசும் விளக்கு. ஒரு பணியாள், அருகருகே அமர்ந்த ஓர் ஆணும் பெண்ணும், நமக்கு முதுகைக் காட்டியபடி இன்னொரு மனிதர், இவ்வளவுதான். யாரும் யாருடனும் மனம் விட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை. சற்று உற்றுப் பாருங்கள்: தெருவிலிருந்து அந்தச் சாலைக்குள் நுழைவதற்கு ஒரு வாசற்கதவுகூடத் தென்படாது! உள்ளே இருப்பவர்களுடன் நாம் போய்ச் சேரவும் வழியில்லை. அவர்கள் நம்மிடம் வரவும் வழியில்லை. பட்டணத்து வாழ்க்கையின் தனிமையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

ஆனால் தனிமை பட்டணத்தின் ஏகபோகச் சொத்தன்று. ஆண்ட்ரூ வையத் என்பவர் 1948-இல் தீட்டிய ‘கிறிஸ்டினாவின் உலகம்’ ஒரு கிராமத்துக் காட்சி. காய்ந்த புல்வெளியில் ஒரு பெண் தரையில் கையூன்றிச் சாய்ந்திருக்கிறாள். எட்டத்தில், மேட்டின் மேல் அவளுடைய வீடு. கால்கள் நடக்க உதவாத ஓர் அண்டைவீட்டு மாது, தரையில் ஊர்ந்தே வயலில் சென்றதைக் கண்டு ஓவியர் இதைத் தீட்டினார். அவள் முகத்தை நமக்குக் காட்டவில்லை. அந்த வீட்டுக்கும் அவளுக்கும் இடையே உள்ள தூரம்தான் படத்தின் விஷயம்.

“இதெல்லாம் மேல்நாட்டு வியாதி. திண்ணையும் திருவிழாவும் கூட்டுக் குடும்பமும் கண்ட நமக்கு இது ஏது?” என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஓவியர் கே. ராமானுஜத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

கொண்டையராஜு பயின்ற அதே சென்னை ஓவியப் பள்ளியில், பிற்காலத்தில் பயின்றவர் ராமானுஜம். பேச்சு எளிதில் வராது, மனநோயும் வாட்டியது. அவருடைய திறமையைக் கண்டுகொண்ட ஆசிரியர் கே. சி. எஸ். பணிக்கர் அவரை ஆதரித்தார். பணிக்கரின் தலைமையில் 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமமே ராமானுஜத்துக்குப் புகலிடமாயிற்று.

அவருடைய சித்திரங்களில் வெறுமையே கிடையாது. கோபுரங்கள், மாட மாளிகைகள், விசித்திர மிருகங்கள், பறக்கும் உருவங்கள் என்று பேனா மையால் காகிதம் முழுவதையும் நிரப்பிவிடுவார். அந்த மாயாலோகத்தின் நடுவே, தலையில் தொப்பியுடன் ஒரு மனிதர் கம்பீரமாக உலாவுவார். அவர் வேறு யாருமல்ல, ராமானுஜமே! ஹாப்பர் மனிதர்களைக் குறைத்துத் தனிமையைக் காட்டினார். ராமானுஜமோ, வெளியுலகில் தமக்குக் கிட்டாத உறவையும் மரியாதையையும் காகிதத்தில் படைத்துக்கொண்டார். 1973-இல், முப்பது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளுக்குள், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சுற்றிலும் கலைஞர்கள் வாழ்ந்த கிராமத்திலும் ஒருவர் அவ்வளவு தனியாக இருக்க முடிந்தது.

மீண்டும் அச்சங்குளத்துக்கு வருவோம். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அங்கே ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். பத்திரிகைகள் புகையையும் கூட்டத்தையும் படம் பிடித்தன. பிறகு கூட்டம் கலைந்தது. அதற்குப் பின்னர்தான் தனிமை அந்த வீடுகளில் வந்து குடியேறியிருக்கும். ஆலைக்குப் போனவர் இனித் திரும்பமாட்டார் என்று தெரிந்தும், அந்தி வேளையில் வாசலைப் பார்க்கும் கண்களை யார் தீட்டுவது? தெய்வங்களையும் ராஜாக்களையும் எழுதித் தேர்ந்த நம் தூரிகைகளுக்கு அந்த வாசற்படி ஒரு தகுந்த விஷயமே.

சித்திரம் வரும்போது வரட்டும். ஓவியர் ஆகாத நமக்கும் இதில் ஒரு காரியம் உண்டு. காலண்டர்த் தெய்வம் நம்மைப் பார்ப்பது போல, பக்கத்து வீட்டில் தனித்திருப்பவரை நாமும் ஒரு முறை ஏறிட்டுப் பார்க்கலாம், “சாப்பிட்டாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஹாப்பர் தம் படத்தில் வைக்காமல் விட்ட கதவு அதுதான்.