கீமோதெரபி காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கினால்

கீமோதெரபி பெறும் ஒருவருக்கு உடல் வெப்பம் 38 பாகையை எட்டினால் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் தொடக்கத்திலேயே அறிந்துகொள்கின்றன. ஒரு கால் மட்டும் வீங்கினாலும் அன்றே அழைக்க வேண்டும் என்பது அந்த அளவிற்கு நினைவில் நிற்பதில்லை. களைப்பு என்றும் வாயு என்றும் காரணம் கூறி, தைலம் தேய்த்து நீவிவிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது தமிழ் இல்லங்களில் வழக்கம். அந்த வீக்கம் இரத்தக்கட்டியால் ஏற்பட்டதாயின், அழுத்தி நீவுவது தீங்கு விளைவிக்கலாம். கட்டியின் ஒரு பகுதி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரும்.

புற்றுநோய்க்கும் இரத்த உறைவுக்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு மருத்துவர் ஆர்மான் துரூசோ 1865ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். புற்றணுக்கள் இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் பொருள்களை வெளியிடுகின்றன. கீமோதெரபி மருந்துகள் இரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. நோயாளி படுத்தே இருப்பதால் கால்களில் இரத்த ஓட்டமும் மந்தமாகிறது. கணையம், இரைப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களில் இந்த ஆபத்து மிக அதிகம். நுரையீரல், சினைப்பை, நிணநீர்ப் புற்றுநோய்கள் அடுத்த நிலையில் உள்ளன. சிஸ்பிளாட்டின், லெனலிடோமைடு போன்ற மருந்துகள் ஆபத்தை மேலும் கூட்டுகின்றன. சிகிச்சையின் முதல் சில மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

தடுப்பு மருந்து எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை. அதனால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால், புற்றுநோயின் வகை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், உடல் எடை ஆகியவற்றைக் கணக்கிட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். முன்னர் தமக்கு இரத்தக்கட்டி ஏற்பட்டிருந்தால், அதை முதற்சந்திப்பிலேயே கூறிவிட வேண்டும்.

ஒரு காலில் வீக்கம், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு ஆகியவை முதன்மை அறிகுறிகள். சிவப்பு நிறம் மாநிறத் தோலில் தெளிவாகத் தெரியாது. ஆகவே இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. மருந்து செலுத்தக் கையில் நீண்ட குழாய் பொருத்தப்பட்டவர்கள் அந்தக் கையையும் கழுத்தையும் கவனிக்க வேண்டும். இத்தகைய அறிகுறி தென்பட்டால், சிகிச்சைப் பிரிவு கொடுத்துள்ள தொலைபேசி எண்ணை அன்றே அழைக்க வேண்டும். அங்கு தொடர்பு கிடைக்காவிடில் 0800 611 116 என்ற ஹெல்த்லைன் எண்ணை இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் 111ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கோர வேண்டும்.

கட்டி இருப்பது ஸ்கேனில் உறுதியானால், குறைந்தது மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை மருந்து தொடரும். எனொக்சாபரின் ஊசி வயிற்றுத் தோலின் கீழ் போடப்படுகிறது. வீட்டிலேயே போடக் கற்றுக்கொள்ளலாம். அது பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. சமயக் காரணத்தாலோ சைவ உணவு முறையாலோ தயக்கம் உள்ளவர்கள் ஊசியைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூற வேண்டும். பலருக்கு ரிவரொக்சபான் போன்ற மாத்திரைகள் பொருந்தும். இரைப்பைப் புற்றுநோய் உள்ள சிலருக்கு அவை இரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால் முடிவு மருத்துவருடையதே. குழம்பில் இடும் மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் தடையில்லை. மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை, ஊரிலிருந்து வரவழைத்த சூரணம் ஆகியவை வேறு. அவற்றை மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ளக் கூடாது. ஐபுபுரோபன், ஆஸ்பிரின் ஆகியவையும் அவ்வாறே.

நோயாளியை எழவே விடாமல் பார்த்துக்கொள்வது அன்பின் வெளிப்பாடுதான். ஆனால் கால்களுக்கு அது நன்மை செய்வதில்லை. இயன்றபோதெல்லாம் வீட்டிற்குள்ளேனும் சிறிது நடப்பதும், போதிய நீர் அருந்துவதும் உதவும். சென்னைக்கோ கொழும்புக்கோ செல்லத் திட்டமிடுவோர் பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் வரை மட்டுமே பத்து மணி நேரத்திற்கு மேல் அமர்ந்திருக்க நேரிடும். நீண்ட விமானப் பயணம் செய்த 878 பேரை ஆராய்ந்து 2003இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இரத்தக்கட்டி காணப்பட்டது. புற்றுநோய் உள்ளவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

கிராப்டனில் உள்ள ஆக்லாந்து நகர மருத்துவமனையிலோ பிற பொது மருத்துவமனைகளிலோ சிகிச்சை பெறுவோர் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. தேவையானபோது, நடைமுறையில் இயலும் வரை, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது 1996ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைக் கோவையில் ஐந்தாம் உரிமையின்கீழ் அடங்கும். சந்திப்பிற்குச் சில நாள் முன்பே கேட்டுவிடுவது நல்லது. மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைத்தால், காலில் வலி என்று அவர்களிடம் சொல்லப் பெற்றோர் தயங்குவதுண்டு. புற்றுநோய்ச் சங்கத்தின் செவிலியர்களை 0800 226 237 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.