நந்தனின் நிலம் எங்கே போனது?



சில மாதங்களுக்கு முன் மாணவர்களோடு அமர்ந்து 1942ஆம் ஆண்டின் 'நந்தனார்' படத்தைப் பார்த்தோம். படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டார்: "கொடுமை செய்தவர் வேதியர். தீக்குளிப்பது மட்டும் ஏன் நந்தன்?" அந்தக் கேள்வியிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

இது பெரியபுராணக் கதை என்றே நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நாம் அறிந்த கதையில் பாதி அங்கே இல்லை. இரக்கமற்ற ஆண்டை, சிதம்பரம் போக அனுமதி கேட்டு நிற்கும் பண்ணையாள், நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்ற நிபந்தனை, ஒரே இரவில் இறையருளால் விளைந்து நிற்கும் நெல், கடைசியில் மனம் மாறும் வேதியர் என எதுவும் சேக்கிழாரிடம் கிடையாது. இவை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேர்த்தவை. சினிமா எடுத்துக்கொண்டது இந்தக் கீர்த்தனையைத்தான். பெயர் மட்டும் புராணத்தினுடையது.

12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார் காட்டும் நந்தன் யார்? ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறார். கோழியும் நாய்க்குட்டியும் உலரும் தோலுமாக அந்தச் சேரி விரிவாகவே வருணிக்கப்படுகிறது. நந்தன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் தருகிறார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு தருகிறார், பூசைக்குக் கோரோசனை தருகிறார். அவருடைய உணவுக்கு ஊரார் விட்ட பறைத்துடவை, அதாவது ஊர்த்தொழிலுக்கான மானிய நிலம், இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்டு அவர் நிற்பதில்லை. 'நாளைப் போவேன்' என்று அவர் தள்ளிப்போடுவது ஆண்டைக்கு அஞ்சி அல்ல. தம் பிறப்பின் காரணமாகக் கோயிலுக்குள் போக முடியாது என்பதால்.

ஆக, சேக்கிழாரின் நந்தனுக்குக் கைத்தொழில் இருந்தது, துண்டு நிலமும் இருந்தது. கீர்த்தனையின் நந்தனுக்கு இரண்டும் இல்லை. நடுவே 700 ஆண்டுகள். காவிரிப் படுகையில் மிராசுதாரின் பண்ணையில் பிறந்து பண்ணையிலேயே சாகும் ஆட்களைப் பாரதியார் தம் கண்ணால் கண்டிருப்பார். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஒரு நாள் விடுப்புக்கு இவ்வளவு உழைப்பு விலை என்று எழுதியது, அவர் அறிந்தோ அறியாமலோ, ஒரு சமூகவியல் சாட்சியம். அந்த வகையில் கீர்த்தனையை நாம் தூக்கி எறிய மாட்டோம்.

சிக்கல் அந்த உழைப்பு என்னவாகிறது என்பதில் இருக்கிறது. அற்புதம் நிகழ்ந்து நெல் விளைந்துவிடுகிறது. கூலி யாருக்கு, நெல் யாருக்கு என்ற கேள்வி எழுவதற்குள் வேதியர் நந்தனின் காலில் விழுந்துவிடுகிறார். நிலம் அவரிடமே இருக்கிறது.

1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தார்கள். முன்னதில் வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சுந்தராம்பாளுக்குத் தரப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்று இன்றும் வியந்து பேசப்படுகிறது. பாட்டுகள் அருமை, மறுக்கவில்லை. காந்தியாரின் அரிஜன இயக்கமும் கோயில் நுழைவும் பேசப்பட்ட காலம் அது. மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது 1939இல். மனமாற்றம் என்ற அந்த அரசியலுக்குக் கீர்த்தனை கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் தீ மட்டும் அகலவில்லை. சேக்கிழாரிலும் தீதான்: இறைவன் கனவில் கட்டளையிட, தில்லைவாழ் அந்தணர் நெருப்பு அமைக்க, நந்தன் பூணூல் அணிந்த முனிவராக வெளிவருகிறார். கோயில் திறக்கிறது, நந்தன் நந்தனாகவே உள்ளே போகவில்லை.

இதே கதையை வேறு வழியில் திருப்பியவர்களும் உண்டு. என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம் 1949இல் 'நல்லதம்பி' படத்தில் வந்தது. கதாகாலட்சேப வடிவம் அப்படியே, கேலியோடு. கிந்தன் போக விரும்பும் ஊர் சிதம்பரம் அல்ல, பட்டணம். ஏங்குவது தரிசனத்துக்கு அல்ல, படிப்புக்கு. ரயிலேறிப் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். தீ இல்லை, பூணூல் இல்லை. (திரைக்கு முன்பே இதை மண்ணில் செய்தவர் சுவாமி சகஜானந்தர். அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதைப் பற்றித் தனியே பேச வேண்டும்.) அம்பேத்கரும் 1948இல் தம் 'தீண்டப்படாதோர்' நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளர் மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஆகவே நந்தனைச் சைவ மடங்களிடம் விட்டுவிட்டு நகர்வது நமக்குச் சரியாகப் படவில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் இன்னும் தூரம் போனார். நந்தன் பௌத்த அரசன் என்றார். வரலாற்றாசிரியர்கள் ஏற்பார்களா என்பது வேறு விவாதம். பழங்காலத்தை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வியை அவர் நம் கையில் கொடுத்தார். பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) அந்தத் தடத்தில்தான் நடக்கிறது. படம் பல இடங்களில் இரைச்சலாக இருக்கிறது, கதை சில இடங்களில் கை நழுவுகிறது. இருந்தும் நந்தன் படங்களோடு சேர்த்துப் பாருங்கள். காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, பாரதியார் வாழ்ந்த அதே காலம். வட ஆற்காட்டுச் சேரிக்காரனுக்குச் சொந்தமாகத் துண்டு நிலம் இருக்கிறது. விளைந்த நெல் எரிக்கப்படுகிறது. வரி கட்ட முடியாமல் நிலம் ஜமீன்தாரிடம் போகிறது, குடும்பமே பண்ணையடிமையாகிறது. அவனை மீட்கும் அற்புத அறுவடை எதுவும் நிகழவில்லை. பசுபதி நடிக்கும் கெங்குப்பட்டர் பூணூல் போட்டு வைகுண்டத்தைத் தேடுகிறார். தங்கலான் தேடிப் போவதோ பொன்னையும் நிலத்தையும். அவன் எதிரே நிற்கும் பழங்காலத்தில் ஆரத்தியும் புத்தர் சிலையும் இருக்கிறார்கள்.

மாணவியின் கேள்விக்கு அன்று நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. பக்தி, காலச் சூழல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அடுத்த திரையிடலில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டு, நடுவே சேக்கிழாரின் ஆதனூர்ப் பகுதியை அவரையே படிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.