காற்றுக்கு இடம் விட்டுப் பின்னுங்கள்

குரோஷா ஊசி ஓரளவு பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது, கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு முக்கோண ஸ்கார்ஃப். அதில் மொட்டு மொட்டாக எழும்பி நிற்கும் 'பாபிள்' பின்னலும் வேண்டும் என்பார்கள். பின்னி முடித்தால் பலருக்கும் போர்வை போலக் கனக்கிறது. கை சரியாகத்தான் வேலை செய்திருக்கும். நூல், ஊசி, மொட்டுகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் முதலிலேயே யோசிக்காததுதான் காரணம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நூல். 100 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும் மெல்லிய கம்பளி நூல் நல்லது. இந்தக் கணக்கு லேபிளிலேயே இருக்கும். லேபிள் 3 மி.மீ. ஊசி என்று சொன்னால் 4 மி.மீ. எடுங்கள். கண்ணிகள் தளர்ந்தால்தான் துணி துவண்டு விழும். வெயில் ஊர்க்காரர்களுக்கு மெல்லிய பருத்தி நூல் ஏற்றது. ஆந்திராவின் நரசாபுரம் பெண்கள் பேர்போன குரோஷா லேஸைப் பருத்தி நூலில்தான் பின்னுகிறார்கள். பருத்தி கம்பளியைப் போல இழுத்துக் கொடுக்காது. அதனால் ஊசியை அரை மி.மீ. கூட்டினால் போதும்.

ஸ்கார்ஃபை ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். நான்கு செயின் போட்டு, ஊசியிலிருந்து நான்காவது செயினில் இரண்டு டபுள் குரோஷா போடுங்கள். விட்ட மூன்று செயினையும் ஒரு கண்ணியாகச் சேர்த்தால் மொத்தம் மூன்று கண்ணி. (பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் குரோஷாவை ட்ரெபிள் என்று எழுதியிருப்பார்கள்.) பிறகு வரிசைக்கு ஒரு கண்ணி, எப்போதும் ஒரே ஓரத்தில் கூட்டுங்கள். அந்த ஓரம் சாய்ந்துகொண்டே போகும், எதிர் ஓரம் நேராக நிற்கும். நூல் தீருகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி. ஆனால் வரிசைகள் நீண்டுகொண்டே போவதால் பாதி நூல் தீரும்போது நீளத்தில் 70 சதவீதம் வந்துவிடும். மிச்சம் 30 சதவீதத்துக்கு மறுபாதி நூல் முழுவதும் வேண்டும். நடுநடுவே உருண்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மொட்டு. ஊசியில் நூலைச் சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து இழுங்கள். மறுபடி சுற்றி, இரண்டு வளையங்கள் வழியாக மட்டும் இழுத்து, மிச்ச வளையத்தை ஊசியிலேயே விடுங்கள். இதே கண்ணியில் மூன்று முறை இப்படிச் செய்தால் ஊசியில் நான்கு வளையம் நிற்கும். நூலைச் சுற்றி நான்கின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்தால் மொட்டு முடிந்தது. பல டிசைன்களில் ஐந்து முறை செய்யச் சொல்வார்கள். எடை குறைய வேண்டுமென்றால் மூன்றே போதும்.

மொட்டு ஏன் எழும்புகிறது? பாபிள் உயரமான பின்னல், சிங்கிள் குரோஷா குட்டையான பின்னல். குட்டையான வரிசையில் உயரமானதை அடைத்தால் அது நிமிர இடமில்லாமல் வெளியே வளைகிறது. அதனால் மொட்டு வரும் வரிசையைச் சிங்கிள் குரோஷாவில் பின்னுங்கள். பின்னும்போது மொட்டு உங்களுக்கு எதிர்ப்புறமாகத்தான் புடைக்கும். ஆகவே துணியின் உள்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும் வரிசையில்தான் அதைப் போட வேண்டும். முன்னால் துருத்தினால் விரலால் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள்.

இடைவெளியில்தான் ஸ்கார்ஃபின் எடை இருக்கிறது. ஆறு கண்ணிக்கு ஒரு மொட்டு, நான்கு வரிசைக்கு ஒரு மொட்டு வரிசை என்று வையுங்கள். அடுத்த மொட்டு வரிசையை மூன்று கண்ணி தள்ளித் தொடங்கினால் செங்கல் அடுக்கியது போல மாறி மாறி வரும். ஓரத்து இரண்டு கண்ணிகளில் மொட்டு வேண்டாம், ஓரம் இழுத்துக்கொள்ளும். இடைப்பட்ட வரிசைகள் டபுள் குரோஷாவாக இருக்கட்டும்.

முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். பிறகு மெத்தையில் விரித்து ஓரங்களைக் குண்டூசியால் குத்தி உலர விடுங்கள். கம்பளி இந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் அவ்வளவாகப் பிடிக்காது. அதன் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி படவே கூடாது. எந்த நூலானாலும் இஸ்திரி போட்டால் மொட்டுகள் தட்டையாகிவிடும்.

முழு ஸ்கார்ஃபையும் தொடங்குமுன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரி பின்னிப் பாருங்கள். அது விறைப்பாக நின்றால் ஊசியைப் பெரிதாக்குங்கள். கனமாகத் தோன்றினால் மொட்டுகளைக் குறையுங்கள்.