சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

பழைய சேலம் ஜில்லாவின் வாழப்பாடி, ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மானாவாரி நிலமே அதிகம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. அதன்பின் வந்த தலைமுறைகளிலும், நிலமில்லாதவர்கள் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணியின் பின்னால் போய் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். பினாங்கில் இறங்கி மலாயாவின் பால்மரக்காடுகளுக்கு, அதாவது ரப்பர் தோட்டங்களுக்குப், போனவர்களில் சேலத்துக்காரர்களும் உண்டு. பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்க வைக்கப்பட்டவர்கள்.

அங்கே கூலியை இனம் பார்த்து வைத்தார்கள்.

தமிழனின் தேவை குறைவு என்று தோட்ட முதலாளிகளே முடிவு கட்டினார்கள். சீனத் தொழிலாளிக்குக் கூடுதல், தமிழருக்குக் குறைவு. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆண்களின் நாள்கூலி 50 சென்டிலிருந்து 28 சென்ட் வரை இறங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் மீண்டும் கூலியைக் குறைத்தபோது, தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே இந்திய அரசு நிறுத்தியது.

  

1941இல் மலாயாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் முன்னின்றார். அவர்களுடைய கோரிக்கைகளை நிதானமாகப் படிக்க வேண்டும். சீனருக்குச் சமமான கூலி; பெண்களிடம் வெள்ளைக்காரத் துரைமாரும் மேலாட்களும் முறைகேடாக நடப்பதற்கு முடிவு; பிள்ளைகளுக்குத் தமிழ்க் கல்வி; கள்ளுக்கடை மூடல்; உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை. இவற்றோடு இன்னொன்று: துரையோ தோட்டக் குமாஸ்தாவான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

இந்தக் கடைசிக் கோரிக்கைதான் போராட்டத்தின் உயிர் என்று தோன்றுகிறது. சென்ட் கணக்கில் பேரம் பேசியிருந்தால் முதலாளிகள் ஏதோ கொடுத்து முடித்திருப்பார்கள். தொடக்கத்தில் கூலி கொஞ்சம் கூடவும் செய்தது. தலை நிமிர்ந்து சைக்கிளில் போகும் தமிழனைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

மே மாதம் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. அரசு நெருக்கடி நிலை அறிவித்து, பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. துரைமார் பங்களாக்களைப் பூட்டிக்கொண்டு சிங்கப்பூர் பக்கம் ஓடினார்கள். லயங்களில், அதாவது தோட்டக் குடியிருப்புகளில், விடப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள்.